சும்மா சொன்ன பேச்சு

அந்தக் கட்டடத்தின் நான்காவது மாடியில் பல் செட் செய்யும் கூடம் ஒன்று இருந்தது. கதவைத் திறந்ததும் உருகிய மெழுகின் வாசனைதான் முதலில் மூக்கில் ஏறும். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சுகள் அங்கே வரும். அவற்றில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் பதித்து, வேகவைத்து, அரத்தால் ராவி, மெருகேற்றி அனுப்புவார்கள். ஜன்னலோர மேஜை அவளுடையது. கேலியாகத் தொடங்கிய ‘பல்லுக்காரம்மா’ என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது. மருத்துவமனைகளில் இருந்து ஃபோனில் அழைப்பவர்கள்கூட, “பல்லுக்காரம்மா இருக்காங்களா?” என்றுதான் கேட்பார்கள்.

பெருக்கித் துடைக்கத்தான் அங்கே சேர்ந்தாள். முதலாளி அண்ணன் ஒருநாள் காய்ச்சலாகக் கிடந்தபோது, அச்சில் காற்றுக் குமிழி விழாமல் பிளாஸ்டரைத் தட்டித் தட்டி இறக்கிக் காட்டினாள். அதன்பிறகு துடைப்பம் வேறு ஆளிடம் போனது. “முன்பல்லை எல்லாம் ஒரே வரிசையா வெச்சா, பொய்ப்பல்லுன்னு தெருவுக்கே தெரிஞ்சிடும். ஒன்னை மட்டும் லேசா திருப்பி வெக்கணும்” என்பாள். வைக்கும்போதே பேசிக்கொண்டும் இருப்பாள். கைக்கு ஓய்வு கொடுத்தாலும் வாய்க்குக் கொடுக்க மாட்டாள். பசி வந்தால் “உயிரு போகுது”, டாக்டர் அவசரப்படுத்தினால் “இந்த மனுஷன் என் உயிரை வாங்குறாரு”, மின்சாரம் நின்றால் “செத்தோம்”. யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. நம் பேச்சே அப்படித்தானே. பசித்தாலும் சாவு, சிரித்தாலும் சாவு, பேருந்து தவறினாலும் சாவு.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்து லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன நாளில்தான் இருவரும் முதலில் பார்த்துக்கொண்டார்கள். மேலே இருந்து கதவை நெம்பித் திறந்து அவன் கை நீட்டியபோது, அவள் தன் கையைக் கொடுக்கவில்லை; கையிலிருந்த தட்டை நீட்டினாள். “முதல்ல இதைப் பிடிங்க. நாலு பேரோட சிரிப்பு இதுல இருக்கு” என்றாள். அவன் சிரித்தான். அவன் அதிகம் பேசி யாரும் பார்த்ததில்லை. அவளுக்கும் சேர்த்துப் பேச ஒரு ஆள் தேவைப்படவில்லை என்பதால் அது பொருத்தமாகத்தான் இருந்தது.

மகள் பிறந்தாள். உருவத்தில் சிறியவள், சொல்லில் காரம் உள்ளவள். அதனால் வீட்டில் அவள் பெயர் மிளகு; பள்ளியிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. மிளகுக்கு ஆறு வயது ஆகும் சமயத்தில் இரண்டாவது குழந்தை உண்டாகி, ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போனது. உடம்பு தேறியதும் பல்லுக்காரம்மா வேலைக்குத் திரும்பினாள். கூடத்தில் எல்லோரும் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள், அவளும் திரும்பிக்கொண்டாள். வாங்கி வைத்திருந்த சின்னச் சின்னத் துணிகள் அலமாரியில் இல்லை. கணவன் யாருக்கோ கொடுத்துவிட்டான் போல என்று நினைத்தாள். அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

வீட்டில் அவள் பேச்சு மட்டும் கொஞ்சம் மாறியது. குழாயை மூடாமல் போனாலோ, பள்ளிக்குக் கிளம்ப நேரமானாலோ, “நான் ஒருத்தி இல்லாம போனாத்தான்டி உங்களுக்கெல்லாம் அருமை தெரியும்” என்பாள். “எங்கயாவது போய் விழுந்து தொலையறேன், நிம்மதியா இருங்க” என்பாள். சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே முட்டை பொரித்துக் கொடுப்பாள்.

இடையில் வீட்டில் ஒரு சின்னத் தொல்லை. அவர்கள் இருந்தது மூன்றாவது மாடி. பால்கனிக் கதவின் சாவி காணாமல் போயிற்று. கணவன் மெத்தையைக்கூடத் தூக்கிப் பார்த்தான். “ஊர் லிஃப்டெல்லாம் திறக்கறவரு வீட்டுக் கதவைத் திறக்க முடியலை பாரு” என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். வேறு பூட்டு போடுகிறேன் என்று அவனும் சொல்லிக்கொண்டே இருந்தான். துணியெல்லாம் வீட்டுக்குள் நாற்காலிகளிலேயே காய்ந்தது.

மிளகு மூன்றாம் வகுப்புக்குப் போன வருடம் வயிற்றுவலி தொடங்கியது. காலையில் சீருடை போடும்வரை ஒன்றும் இருக்காது. காலணியைப் பார்த்ததும் சுருண்டுகொள்வாள். மருத்துவர் அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், ஒன்றுமில்லை என்றார். “ஒன்னுமில்லாத வயிறு எதுக்குடி வலிக்குது?” என்று தாய் திட்டிக்கொண்டே இழுத்துப் போவாள். பள்ளி வாசலில் மிளகு அவள் புடவையை விடமாட்டாள். “நீ நேரா வேலைக்குத்தான போற? வீட்டுக்குப் போக மாட்டியே?” என்று கேட்பாள். பொறுப்பான குழந்தை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு நண்பகலில் பல்லுக்காரம்மா மெழுகில் கடைவாய்ப் பல் பதித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தியபோது கூடத்து வாசலில் மிளகு நின்றிருந்தாள். சீருடையில், பை இல்லாமல், ஒரு காலணியின் நாடா அவிழ்ந்து கிடக்க. பள்ளிக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடுவே பெரிய சாலை. லாரிகள் நிற்காமல் ஓடும் சாலை. பெரியவர்களே மேம்பாலத்தில் ஏறித்தான் கடப்பார்கள்.

மேஜையில் எரிந்துகொண்டிருந்த, மெழுகு உருக்கும் ஸ்பிரிட் விளக்கு சாய்ந்தது. முதலாளி அண்ணன் அதை ஓடிவந்து அணைத்தார்.

“யாருடி கூட்டிட்டு வந்தா?” என்றாள் தாய். குரல் எங்கிருந்தோ வந்தது.

“நானே வந்தேன்.”

“எதுக்கு?”

“சும்மா. நீ இருக்கியான்னு பாக்க.”

அடிக்கத் தூக்கிய கையை மகளின் தலைமேல் வைத்துக்கொண்டாள். “என் உயிரே போயிடுச்சுடி” என்றாள். சொன்னதும் மிளகின் முகத்தில் இருந்த ரத்தம் வடிந்துபோனதை முதலாளி அண்ணன் கவனித்தார். பயந்துவிட்டது பிள்ளை என்று ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தார். அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பள்ளி கலங்கிப்போயிருந்தது. மதிய இடைவேளையில் ஒரு குழந்தை சுற்றுச்சுவர்க் கதவைத் தாண்டிப் போயிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. தலைமையாசிரியை மன்னிப்புக் கேட்டார், பிறகு விதிகளைச் சொன்னார். வகுப்பு ஆசிரியை மட்டும் வெளியே வராந்தாவரை கூடவே வந்தார்.

“நூலகத்துக்குப் பின்னாடி ஒரு அறக்கட்டளை இருக்கும்மா. குழந்தைங்க மனசு, நடத்தை, குடும்பம் எல்லாம் பாக்கறாங்க. மிளகைக் கூட்டிட்டுப் போங்களேன்.”

“எதுக்கு மேடம்? என் பொண்ணுக்கு என்ன, புத்தி சரியில்லையா?”

“என் பையனை ஒரு வருஷம் கூட்டிட்டுப் போனேன்” என்றார் ஆசிரியை. “பல்லால தன் கையையே கடிச்சுப்பான். இப்ப இல்லை.”

பல்லுக்காரம்மா வழியைக் கேட்டுக்கொண்டாள்.

அறக்கட்டளை இருந்தது ஒரு காலத்தில் அச்சகமாக இருந்த கட்டடத்தில். படிக்கட்டுச் சுவரில் இன்னும் மைக்கறை இருந்தது. காத்திருக்கும் அறையில் ஒன்றோடொன்று சேராத நாற்காலிகள். காதில் ஹெட்ஃபோன் மாட்டிய ஒரு வளர்ந்த பையனும் அவன் அப்பாவும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பல்லுக்காரம்மா வழக்கப்படி எல்லோருடைய வாயையும் நோட்டம் விட்டாள். அவர்களை உள்ளே அழைத்த ஆலோசகருக்கு மேல்வரிசையில் ஒரு பல் இன்னொன்றின்மேல் ஏறியிருந்தது. சொந்தப் பல்தான், ஆளை நம்பலாம் என்று கணவனின் காதில் சொன்னாள்.

விளையாட்டு அறையில் மரத்தட்டு நிறைய மணல் இருந்தது; பொம்மை வீடு, கை போனாலும் சிரிக்கும் கரடி, களிமண். முதல் நாளே ஆலோசகர் தரையில் உட்கார்ந்து மிளகிடம் சொன்னார்: “இங்க நீ சொல்றதை நான் வெளிய சொல்ல மாட்டேன். ஆனா யாருக்காவது அடிபடும், ஆபத்து வரும்னு எனக்குத் தோணுச்சுன்னா, பெரியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட கேப்பேன். சரியா?” மிளகு அதை யோசித்துவிட்டுத்தான் தலையாட்டினாள். அவளுக்கு அவர் ‘மணல் மேடம்’ ஆனார்.

சில வாரங்கள் போயின. ஆலோசகர் பள்ளிக்கும் போய்ப் பார்த்தார். மிளகை யாரும் அடிக்கவில்லை, கேலி செய்யவில்லை. கணக்கில்கூடப் பிரச்சினை இல்லை. ஒருநாள் கூடத்துக்கு ஃபோன் வந்தது. “நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும். மிளகும் வரட்டும்.” குரலில் அவசரம் காட்டாமல்தான் பேசினார். ஆனால் ‘கண்டிப்பா’ என்ற சொல் பல்லுக்காரம்மாவை உறுத்தியது. பள்ளியில் யாராவது தப்பாகத் தொட்டிருப்பானோ என்று நினைத்தவள், கையிலிருந்த பல் செட்டை அளவுக்குமேல் ராவிக் கெடுத்தாள்.

மறுநாள் வட்ட மேஜையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள். மிளகு மூலையில் மணல் தட்டுக்கு முன்னால், அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி இருந்தாள்.

“மிளகு என்கிட்ட ஒன்னைக் குடுத்துப் பத்திரமா வெச்சுக்கச் சொன்னா” என்றார் ஆலோசகர். “உங்ககிட்ட காட்டலாமான்னு அவகிட்ட கேட்டேன். நீங்களே காட்டுங்க, நான் பாக்க மாட்டேன்னு சொன்னா.”

பச்சை நூல் கட்டிய சாவியை மேஜைமேல் வைத்தார்.

கணவன்தான் முதலில் கண்டுகொண்டான். “பால்கனிச் சாவி. இதைத்தான வீடு பூரா தேடினேன். எங்க இருந்துச்சு?”

“காலுறைக்குள்ள வெச்சிருந்தா. தினமும் ஸ்கூலுக்குக் கொண்டுவருவாளாம்.”

பல்லுக்காரம்மா சிரித்தாள். “அடிப்பாவி, நீதான் அமுக்கினியா? நான் பாவம் உங்கப்பனைப் போட்டு...” கூடச் சிரிக்க அந்த அறையில் யாரும் இல்லை. சிரிப்பு தானாக நின்றது.

“ஏன் எடுத்தேன்னு கேட்டேன். அம்மா அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு சொன்னா.”

ஆலோசகர் மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். மிளகுக்குப் பள்ளியைப் பற்றி பயமே இல்லை. பள்ளியில் இருக்கும் நேரத்தில் வீட்டில் என்ன நடக்குமோ என்றுதான் பயம். வயிற்றுவலி பொய் இல்லை. பயம் அவளுக்கு வயிற்றில் வலியாகத்தான் வருகிறது. அம்மா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே பாட்டு பாடிக்கொண்டு நிற்பது விளையாட்டு இல்லை. உள்ளே இருந்து அம்மா திட்டும் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகப் பாடுகிறாள். ஒருநாள் பள்ளியில் அந்த நினைப்பு தாங்க முடியாமல் போனதால்தான் சாலையைக் கடந்தாள்.

“அவ ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு அடம் பிடிக்கலைம்மா” என்றார். “உங்களுக்குக் காவல் இருக்கா.”

பல்லுக்காரம்மா இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டாள், விழுந்துவிடாமல் இருக்க. எட்டு வயதுக் குழந்தை. தன் உயிருக்கு எட்டு வயதுக் குழந்தை காவல்.

“ஐயோ மேடம்” என்றாள். “அது வாய்ப்பேச்சு. எல்லாரும் சொல்றதுதானே. சாகறேன், தொலையறேன்னு வாயில வரும். எங்க கூடத்துல வந்து கேளுங்க, ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாகறேன்னு. அதைப் போயி இது...” மூலையைப் பார்த்துத் திரும்பினாள். “மிளகு, அம்மா சும்மா சொன்னேன்டி. எப்பவுமே சும்மாதான் சொல்வேன்.”

மிளகு திரும்பவில்லை. மணலை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டே சொன்னாள்.

“நீ சொன்னதுக்கு நான் பயப்படலம்மா. அன்னைக்கு நீ ஒன்னுமே சொல்லலையே.”

“என்னைக்கு?”

“பால்கனில நின்னியே. நான் அம்மான்னு கூப்பிட்டேன். நீ திரும்பலை. மறுபடியும் கூப்பிட்டேன். அப்புறம் சத்தமா கூப்பிட்டேன். அப்பத்தான் திரும்பின.”

கணவன் மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிளாஸ்டர் அச்சில் வார்த்த முகம்போல அது இறுகிக் கிடந்தது.

ஆலோசகர் கதவைத் திறந்து அங்கே வேலை செய்யும் இன்னொரு பெண்ணை அழைத்தார். மிளகு எழ மறுத்தாள். “கண்ணாடி வழியா உனக்கு அம்மா தெரிவாங்க. கதவையும் திறந்தே வெக்கறேன்” என்று சொன்ன பிறகுதான் அடுத்த அறைக்குப் போனாள். போய், கண்ணாடிக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஆலோசகர் நாற்காலியை அருகில் நகர்த்தினார். சுற்றி வளைக்காமல் கேட்டார். “உங்க உயிரை நீங்களே எடுத்துக்கணும்னு நிஜமாவே நினைச்சிருக்கீங்களா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எத்தனையோ ஆயிரம் பேச்சுப் பேசிய வாய். அந்த ஒரு சொல் அதில் வரவில்லை. சொல் வராமல் போனதைக் கண்டு மற்ற இருவரையும்விட அவள்தான் அதிகம் அதிர்ந்தாள். தனக்கே தெரியாமல் ஒளித்து வைத்திருந்ததை ஒரு குழந்தை பார்த்திருக்கிறது.

பிறகு சொன்னாள். குழந்தை போன பிறகு ஒரு சாயங்காலம். துணி எடுக்கப் போனாள். கொடியில் மிளகின் சின்ன வயதுச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது, யாருக்கோ கொடுப்பதற்காகத் துவைத்தது. அதைக் கையில் எடுத்தாள். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. என்ன நினைத்தாள் என்பது மட்டும் தெரியும். மகள் உள்ளே பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று நினைத்திருந்தாள். திரும்பிப் பார்த்தபோது மகள் பின்னால் நின்றிருந்தாள். இவள் “பசிக்குதா?” என்று கேட்டு உள்ளே அழைத்துப் போனாள். அவ்வளவுதான் என்று நினைத்தாள். அதன்பிறகும் அந்த நினைப்பு வந்து வந்து போயிருக்கிறது.

“அப்ப நான் எங்க இருந்தேன்?” என்றான் கணவன்.

“வேலையில.”

“நான் வந்தப்புறம் சொல்லியிருக்கலாமே.”

“என்னன்னு சொல்றது? நீங்க எதையாவது கேட்டீங்களா?”

நாற்காலியின் கையைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. இத்தனை நாள் மகளுக்கு என்னவோ என்று அலைந்தவர்கள் இருவரும்.

அன்று அவர்களை அறிவுரை சொல்லி அனுப்பிவிடவில்லை. அறக்கட்டளைக்கு வரும் மனநல மருத்துவர் வேறு ஊரில் இருந்தார். ஆலோசகர் ஃபோன் செய்து, அவர் வரும்வரை காத்திருக்க வைத்தார். மருந்து எழுதினார்கள். அந்த நினைப்பு வந்தால் முதலில் யாரிடம் சொல்வது, அவர் கிடைக்காவிட்டால் யாரிடம், எந்த எண்ணில் எப்போதும் ஆள் இருக்கும் என்று மூவருமாக உட்கார்ந்து முடிவு செய்தார்கள். கணவன் சில நாட்கள் வேலைக்கு விடுப்பு எடுத்தான். சாவி ஆலோசகரிடமே இருந்தது.

எல்லாம் முடிந்து வெளியே வரும்போது பல்லுக்காரம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் மகளுக்கு முன்னால் குந்தினாள். ஆலோசகர் எப்படிச் சொல்லலாம் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். அதில் பாதி மறந்துவிட்டது.

“நீ பாத்தது நிஜம்தான் மிளகு. அம்மாவுக்கு மனசுக்கு உடம்பு சரியில்லை. இப்ப மருந்து சாப்பிடப் போறேன். என்னைப் பாத்துக்கறது உன் வேலை இல்லை. அதுக்குப் பெரியவங்க இருக்காங்க.”

“யாரு?”

“அப்பா. மணல் மேடம். டாக்டர். கூடத்துல அண்ணன் இருக்காரு.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இன்னும் தெரியாது.”

“அப்ப பகல்ல யாரு பாப்பாங்க?”

ஆக, சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. மறுவாரம் வேலைக்குத் திரும்பியதும் முதலாளி அண்ணன் தனியாக மெழுகு உருக்கிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துப் போய் நின்றாள். விடுமுறை கேட்கும் குரலில் சொல்லி முடித்தாள். அண்ணன் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மெழுகு சொட்டி மேஜையில் உறைந்தது. அவள் இங்கே வந்த நாளிலிருந்து அவள் பேச்சைக் கேட்டே வேலை செய்தவர் அவர்.

“இத்தனை வருஷமா உன் பேச்சைக் கேட்டுட்டு இருக்கேன்” என்றார். “எனக்கு ஒன்னுமே தெரியலையேம்மா.”

“எனக்கே தெரியலைண்ணே.”

அவர் அவளைப் பார்த்தார், அவள் மேஜையைப் பார்த்தார், அதற்குப் பக்கத்தில் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தார். நான்காவது மாடி. தயங்கித் தயங்கிக் கேட்டார். “மேஜையை மாத்திப் போட்டுடலாமா?”

அதெல்லாம் எதுக்குண்ணே என்று சொல்லிவிடுவோம் என்றுதான் அவளே நினைத்தாள்.

“மாத்திடலாம்ணே” என்றாள்.

கூடத்தில் வேலை செய்யும் மற்ற இருவரையும் கூப்பிட்டு, வெளிச்சம் சரியில்லை என்று ஒரு காரணம் சொல்லி, அரைமணியில் மேஜையை உள்சுவர் ஓரமாகப் போட்டார் அண்ணன். அவளுக்கென்று புதிதாக ஒரு விளக்கும் வாங்கி மாட்டினார். அன்று மாலை பள்ளி வாசலில் மகளிடம் அவள் முதலில் சொன்ன செய்தி அதுதான். மிளகு கேட்டுக்கொண்டு, “சரி” என்றாள். பெரிய மனுஷி மாதிரி.

குடும்பமாக உட்கார்ந்து பேசும் நேரங்கள் கணவனுக்குத்தான் கடினமாக இருந்தன. ஆலோசகர் கேள்வி கேட்டால் மனைவியைப் பார்ப்பான். அவள் பதில் சொல்லத் தொடங்கினால் ஆலோசகர் கையைக் காட்டி நிறுத்துவார். ஒருநாள், போன குழந்தையைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்று கேட்டார்.

“அந்தத் துணியெல்லாம் நான் யாருக்கும் குடுக்கலை” என்றான். “எங்க ஆபீஸ் லாக்கர்ல இருக்கு. வயர் பண்டலுக்குப் பின்னாடி. சாப்பாட்டு நேரத்துல திறந்து பாப்பேன்.”

பல்லுக்காரம்மா அவனையே பார்த்தாள். ஒரே வீட்டில் ஒரே படுக்கையில் இருக்கும் மனிதன். கல்லு மாதிரி இருக்கிறானே என்று மனதுக்குள் எத்தனையோ முறை சபித்த மனிதன்.

“தினமுமா?” என்றாள்.

“முடிஞ்சப்ப எல்லாம்.”

அவள் அழுதாள். குழந்தை போனதற்காக அவன் பார்க்க அழுதது அதுதான் முதல் தடவை. அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் நாற்காலியோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான்.

சாவுச் சொற்களை வீட்டில் தடை செய்துவிடலாமா என்று அவன்தான் கேட்டான். அதனால் பயனில்லை என்றார் ஆலோசகர். மாறாக, மிளகுக்கு ஒரு உரிமை கொடுத்தார்: எப்போது வேண்டுமானாலும் அம்மாவிடம், “நிஜமாவா, சும்மாவா?” என்று கேட்கலாம். அம்மா உண்மையைத்தான் சொல்ல வேண்டும். மிளகு அந்த உரிமையைச் சும்மா விடவில்லை. “இந்த வெயில் ஆளைக் கொல்லுது” என்றால், “நிஜமாவா, சும்மாவா?” “லிஃப்ட் மோட்டார் செத்துப்போச்சு” என்று அப்பா ஃபோனில் யாரிடமோ சொன்னால், அவருக்கும் அதே விசாரணை. பேருந்தில் ஒரு பெண், “கூட்டத்துல உயிரு போகுது” என்று அலுத்துக்கொண்டபோது மிளகு வாயைத் திறக்க, பல்லுக்காரம்மா அவசரமாகப் பொத்தினாள்.

எல்லா நாளும் சிரிப்பாகப் போகவில்லை. மழை நிற்காமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அடுப்பங்கரையில் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றாள். மிளகு வந்து பக்கத்தில் நின்று, எந்தச் சொல்லும் இல்லாத அந்த நிலையைப் பார்த்தே கேட்டாள். “நிஜமாவா, சும்மாவா?”

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. “இன்னைக்குக் கொஞ்சம் நிஜம்” என்றாள். “ஆனா அப்பாகிட்ட சொல்லிட்டேன். மணல் மேடத்துக்கும் ஃபோன் பண்ணிட்டேன். அப்பா மாடிப்படி ஏறிட்டிருக்காரு, கேளு.” இருவரும் நின்று கேட்டார்கள். காலடிச் சத்தம் நிஜமாகவே வந்துகொண்டிருந்தது. மிளகு மூச்சை விட்டுவிட்டு, வரைந்துகொண்டிருந்த படத்தை முடிக்கப் போய்விட்டாள். தாய்க்குத்தான் அதை நம்ப முடியவில்லை. உண்மையைச் சொன்னால் குழந்தை உடைந்துபோகும் என்றல்லவா இவ்வளவு காலம் நினைத்திருந்தாள்.

பள்ளிக்குத் திரும்புவதையும் படிப்படியாகத்தான் செய்தார்கள். முதலில் காலைப்பொழுது மட்டும். இடைவேளையில் வகுப்பு ஆசிரியையின் ஃபோனில் அம்மாவோடு ஒரு பேச்சு. பிறகு முழுநாள், மதியம் ஒரு பேச்சு. பிறகு ஃபோன் வேண்டுமென்றால் கேள் என்று விட்டார்கள். நடுவில் ஒரு வாரம் வயிற்றுவலி திரும்பி வந்து எல்லாம் முதலில் இருந்து தொடங்கியது. தாயின் மருந்தின் அளவைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். சனிக்கிழமைகளில் பெற்றோர் கூடும் கூட்டத்துக்குப் பல்லுக்காரம்மா போகத் தொடங்கினாள். அங்கே அவள் அதிகம் பேசவில்லை என்று சொன்னால் கூடத்தில் யாரும் நம்பவில்லை.

அடுத்த கல்வி ஆண்டில் ஒருநாள் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. “மிளகு விஷயமா உடனே வர முடியுமா?” என்றது அலுவலகக் குரல். மேற்கொண்டு கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள். மெருகு இயந்திரத்தைக்கூட அணைக்காமல் ஓடினாள். மேம்பாலத்தில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். கீழே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் கீழே பார்க்கவில்லை, ஒவ்வொரு லாரியின் சத்தமும் மட்டும் கேட்டது.

அலுவலகத்தில் யாரும் இல்லை. வாசல் காவலாளி மைதானத்தின் பக்கம் போகச் சொன்னார். அங்கே ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்து கிடந்தது. வகுப்பு ஆசிரியை இரண்டு பெண்களை ஓரமாக நிறுத்தி வைத்திருந்தார். பந்தை யார் அடித்தது என்று இருவரும் ஒருவர்மேல் ஒருவர் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி மிளகு. சட்டையெல்லாம் புழுதி, ஒரு முட்டியில் சிராய்ப்பு. தாய் மூச்சிரைக்க வந்து நின்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை. தன் கட்சியை வாதாடி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

“நீ ஏம்மா வந்த?” என்றாள், கொஞ்சம் எரிச்சலோடு. “இன்னும் எங்க ஆட்டமே முடியலை.”

பல்லுக்காரம்மா ஆசிரியையைப் பார்த்தாள். ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கத் துடைப்பம் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டாள். குரல் நடுங்கியதால் இரண்டாம் முறை கேட்கவேண்டியிருந்தது.